அட்டையின் பின்பக்கம்

நத்தார் வாழ்த்து அட்டை ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். அங்கே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கமாகிவிட்டது. ஏன் அந்தப் பழக்கம் வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து நத்தார், தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, பெருநாள் ஆகியவற்றுக்கு வாழ்த்து அட்டைகளும் பலகாரப் பெட்டிகளும் செய்து விற்கிறோம். கடதாசி வெட்டும் இயந்திரங்கள் இரண்டு வைத்திருக்கிறோம். "செய்முறையை எழுதித் தாங்கோ அக்கா, எங்கட பெண்கள் வாசிச்சுச் செய்து பார்ப்பினம்" என்று கேட்டவர்கள் பலர். செய்முறையும் எழுதுகிறேன். ஆனால் சகோதரிகளே, செய்முறை இந்த வேலையில் பாதிதான்.

கத்தரிக்கோல் பிடித்த காலம்

2012 ஆம் ஆண்டு நாங்கள் மீள்குடியேறி இரண்டு வருடமாகியிருந்தது. தொண்டு நிறுவனம் ஒன்று ஊரில் கைப்பணிப் பயிற்சி நடத்தியது. ஒன்பது பேர் போனோம். ஐந்து நாள் பயிற்சி, மத்தியானச் சாப்பாடு, முடிவில் ஆளுக்கொரு கத்தரிக்கோல், ஒரு போத்தல் பசை, பத்துத் தாள் பிறிஸ்டல் போட். பூ வெட்டவும் நட்சத்திரம் வெட்டவும் அட்டையில் ஒட்டவும் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தந்த பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் ஒரு அட்டைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அவர் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் நான் ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு அட்டைக்கு அரை மணித்தியாலம். அட்டை 50 ரூபாவுக்கு விற்றது. கடதாசி, பசை, உறை, பஸ் காசு, விற்றுத் தருபவர்களின் பங்கு எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சியது 11 ரூபா. அதாவது அரை மணித்தியால வேலைக்கு 11 ரூபா. கச்சான் பிடுங்கப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும் என்று எங்களில் மூன்று பேர் அதோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் செய்தது பிழை என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

நின்ற ஆறு பேரில் ஒரு தங்கச்சிக்கு வலக்கை மணிக்கட்டில் ஷெல் துண்டு இருக்கிறது. எடுத்தால் நரம்பு பழுதாகிவிடும் என்று டொக்டர் விட்டுவிட்டார். முப்பது பூ வெட்டினால் அந்தக் கை வீங்கிவிடும். இரவில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு அடுத்த நாளும் வருவாள். "இருந்து யோசிக்கிறதைவிட வெட்டுறது நல்லம் அக்கா" என்பாள். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று நான் அலையத் தொடங்கினேன்.

கொழும்பு விற்பனை

அதற்கு முன் அட்டையின் பின்பக்கக் கதையைச் சொல்லவேண்டும். எங்கள் அட்டைகளின் பின்புறத்தில் அந்த நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு வசனம் அச்சடித்திருந்தது. யுத்தத்தில் கணவரை இழந்த பெண்கள் செய்தது என்பதே அதன் கருத்து. எங்களிடம் கேட்டுப் போட்டதல்ல. அது உண்மையும் அல்ல. ஆறு பேரில் மூன்று பேர்தான் கணவரை இழந்தவர்கள். ஒருத்தி கலியாணமே செய்யவில்லை. இன்னொருத்தியின் கணவர் வயலில் வேலை செய்துகொண்டிருந்தார். மகளைக் கொண்டு அந்த வசனத்தை வாசிப்பித்துவிட்டு, "என்னை எப்ப சாகக் காட்டினனீங்கள்?" என்று கேட்டார் மனிதர். அன்று முழுக்கச் சிரித்தோம்.

2013 மார்கழியில் கொழும்பில் ஒரு மண்டபத்தில் நடந்த விற்பனைக்கு என்னையும் இன்னொரு சகோதரியையும் கூட்டிப் போனார்கள். நல்ல உடுப்பு உடுத்த அம்மா ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். அட்டையின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கத்தை வாசித்தார். கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து அட்டை வாங்கினார். ஒன்றையும் திறந்து பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் வாங்கியவற்றில் ஒன்றில் நட்சத்திரம் சரிந்து ஒட்டியிருந்தது. மாற்றிக் கொடுக்கவேண்டும் என்று நான் எழும்பும் முன் போய்விட்டார்.

அந்த அம்மாவில் எனக்குக் கோபமில்லை. அவருடைய இரக்கம் உண்மையானது. ஆனால் அந்தச் சரிந்த நட்சத்திரம் என் மனதில் கிடந்தது. சரிந்தாலும் சரியாக இருந்தாலும் அவர் வாங்கியிருப்பார். அப்படியென்றால் நான் எதற்காக நேராக ஒட்டவேண்டும்? அடுத்த வருடம் அதே மண்டபத்தில் முன்னைய வருட விற்பனையில் மூன்றில் ஒரு பங்குகூட விற்கவில்லை. பக்கத்து மேசையில் வேறு மாவட்டத்தின் வேறு துயரம் இருந்தது. இரக்கப்பட்டு வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

கைபிடி சுற்றும் இயந்திரம்

2015 இல் கனடாவில் இருக்கும் என் மச்சாள் தான் பாவித்த ஒரு இயந்திரத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டா. பார்த்தால் அந்தக் காலத்து இடியப்ப உரலுக்கும் துணி பிழியும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒன்று போல இருக்கும். இரண்டு உருளைகள், ஒரு கைபிடி. மின்சாரம் தேவையில்லை. கூர்மையான உருக்கு அலகு வளைத்துப் பதித்த அச்சுகள் உண்டு. அச்சின்மேல் கடதாசியை வைத்து, மேலும் கீழும் பிளாஸ்ரிக் தட்டு வைத்து, உருளைகளுக்கு நடுவே செலுத்திக் கைபிடியைச் சுற்றினால் அந்த உருவம் வெட்டுப்பட்டு வரும். மெல்லிய கடதாசி என்றால் மூன்று நான்கு தாள்களை ஒன்றாக வெட்டலாம்.

பிளாஸ்ரிக் தட்டு ஒரே பக்கமாகப் பாவித்தால் வளைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புரட்டிப் போடவேண்டும். இதை அறியாமல் முதல் மாதத்திலேயே ஒரு தட்டை வளைத்து உடைத்தோம்.

ஷெல் துண்டுக் கைத் தங்கச்சி இடக்கையால் கைபிடியைச் சுற்றினாள். ஒரு மணித்தியாலத்தில் முந்நூறுக்கு மேல் பூக்கள். மணிக்கட்டை நீட்டிக் காட்டி, "பாருங்கோ அக்கா, வீங்கேல்லை" என்றாள். இயந்திரம் எங்களுக்குத் தந்த முதல் இலாபம் அதுதான்.

ஆனால் அச்சுகளைப் பாருங்கள்: பனி மனிதன், பனித்துளி, கலைமான், ஊசியிலை மரம். எங்கள் ஊரில் மார்கழி என்றால் மழை, சேறு, நுளம்பு. கலைமானை எவ்வளவு அழகாக வெட்டினாலும் இறக்குமதி அட்டை அதைவிட அழகாகவும் மலிவாகவும் கடையில் இருக்கிறது. ஆகவே அந்த அச்சுகளில் நட்சத்திரத்தையும் மணியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கினோம். பனைமரமும் பாலன் குடிலும் வேண்டுமென்றால் வேறு வழி பார்க்கவேண்டியிருந்தது.

தமிழ் எழுத்தின் தொல்லை

2018 இல் வந்தது இரண்டாவது இயந்திரம், மின்சாரத்தில் இயங்குவது. அதன் பெயர் கிறிக்கட். என் மகன் துடுப்பும் பந்தும் வருகிறது என்று நினைத்து ஏமாந்தான். இந்த வகை இயந்திரம் அமெரிக்காவில் 2006 இல் விற்பனைக்கு வந்தது. கணினியில் கீறும் படத்தை ஒரு சிறிய கூர்ப்பேனை போன்ற அலகு கடதாசியில் வெட்டிக்கொண்டு போகும். கடதாசி அசையாதிருக்க ஒட்டும் தன்மையுள்ள விரிப்பு ஒன்றில் ஒட்டி உள்ளே விடவேண்டும். வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அதன் மின் இணைப்பில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு. கனடாவில் 120, எங்கள் நாட்டில் 230. இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் செருகவேண்டாம்.

எங்கள் ஊர் கிரவல் தூசியில் அந்த விரிப்பு ஒரு கிழமையில் ஒட்டும் தன்மையை இழந்தது. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைக்காமல் காற்றில் காயவிட்டால் மீண்டும் ஒட்டும். பாவிக்காத நேரம் பிளாஸ்ரிக் தாளால் மூடி வைக்கவேண்டும்.

இந்த இயந்திரத்தால்தான் தமிழ் எழுத்தை வெட்ட முடிந்தது. வெளிநாட்டு அச்சுகளில் ஆங்கில எழுத்து மட்டுமே வரும். ஆனால் தமிழ் வெட்டுவது நினைத்ததுபோல் சுலபமல்ல. "நத்தார் நல்வாழ்த்துக்கள்" என்று வெட்டினோம். எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் தனித்தனியாக விரிப்பில் கிடந்தன. "நததார நலவாழததுககள" என்று வாசிக்க வந்தது. புள்ளிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக ஒட்டினோம். ஒரு அட்டையில் ஏழு புள்ளி. நூறு அட்டைக்கு எழுநூறு புள்ளி. மின்விசிறி போடமுடியாது, தும்மமுடியாது.

பிறகு கற்றுக்கொண்டது இது. புள்ளியை எழுத்தோடு தொடும்படி கீழே இறக்கி வரையவேண்டும். எழுத்துகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்க அடியில் மெல்லிய கோடு ஒன்று கீறவேண்டும். அப்போது முழுச் சொல்லும் ஒரே துண்டாக வரும். எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டையாக விடுவதென்றால் வேறு பிரச்சினை. "ழ", "ள", "ல" போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும். அதற்கு ஒரு சிறு பாலம் விடவேண்டும். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஒரு சனிக்கிழமை முழுக்க எங்களுடன் இருந்து இதைச் சரிசெய்து தந்தார். காசு வாங்கவில்லை, ஒரு பெட்டி பயற்றம் உருண்டைதான் கொண்டு போனார்.

பனைமரத்தடியில் பாலன் குடில், அதன்மேல் நட்சத்திரம், கீழே தமிழ் எழுத்து. இந்த ஒரு அட்டைதான் நாங்கள் இதுவரை செய்தவற்றில் அதிகம் விற்றது.

ஏச்சு வாங்கிய கதை

அட்டையை மட்டும் நம்பியிருந்தால் நாங்கள் எப்போதோ மூடியிருப்போம். 1843 இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் நண்பர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல் ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்து அச்சடித்ததுதான் முதலாவது நத்தார் வாழ்த்து அட்டை என்கிறார்கள். அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு இப்போது தொலைபேசி இருக்கிறது. வாழ்த்துகள் வாட்ஸ்அப்பில் போகின்றன. ஆனால் பலகாரத்தைத் தொலைபேசியில் அனுப்பமுடியாது. நத்தார் கேக்குக்கும் பால் டொபிக்கும் பயற்றம் உருண்டைக்கும் பெட்டி வேண்டும்.

2016 இல் யாழ்ப்பாணத்தில் வெதுப்பகம் வைத்திருக்கும் ஒருவர் நான்கு கேக் துண்டுகள் வைக்கும் பெட்டி 300 கேட்டார். நாங்கள் யார் எவர் என்று அவர் கேட்கவில்லை. "மூடி வடிவாய் மூடோணும், எண்ணெய் வெளியில வரப்படாது, இருபதாந் திகதி கடையில நிக்கோணும்." அவ்வளவுதான் அவர் சொன்னது.

கைபிடி இயந்திரத்தின் வாய் ஆறு அங்குலம், அதாவது 15 சென்ரிமீற்றர்தான். அதற்குள் போகக்கூடிய பெட்டி அச்சு ஒன்றைக் கொழும்பில் செய்வித்தோம். பலகையில் இரும்பு அலகு பதித்துச் செய்து தருவார்கள். வெட்டும் இடத்தில் கூரான அலகு, மடிக்கும் இடத்தில் மொட்டை அலகு. ஆறு பேரும் போட்ட சீட்டில் முதல் சீட்டை அதற்கே எடுத்தோம். காசை மிச்சம் பிடிக்கவென்று அடிப் பெட்டிக்கும் மூடிக்கும் ஒரே அச்சைப் பாவித்தோம். அங்கேதான் பிழைத்தது.

அடியும் மூடியும் ஒரே அளவென்றால் மூடி எப்படி இறங்கும்? இழுத்துப் பிடித்து இறக்கினோம். காய்ந்த நாளில் செய்தவை எப்படியோ மூடின. மழை தொடங்கியபின் செய்தவை ஈரத்தை உறிஞ்சி ஊதி, மூலைகளில் வெடித்தன. இருபத்தோராந் திகதி காலை தொலைபேசி வந்தது. 62 பெட்டி பழுது. அவர் ஏசத் தொடங்கினார். "மூடியைப் போட மூலை வெடிக்குது! அளந்து பாக்காமலோ வெட்டினனீங்கள்? கடைக்குள்ள சனம் நிக்குது, நான் கேக்கை எதுக்குள்ள வைக்கிறது? வேலை தெரியாட்டி ஏன் ஓடர் எடுக்கிறியள்?"

நான் அழவில்லை. "நாளைக்குக் காலமை 62 பெட்டியும் வரும் அண்ணை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு என்னவோ ஒரு ஆறுதலாக இருந்தது. யுத்தம் முடிந்து ஏழு வருடங்களில் என்னோடு கதைத்த வெளியாட்கள் எல்லோரும் மெதுவாகத்தான் கதைத்தார்கள். தலையைச் சாய்த்துக்கொண்டு கதைத்தார்கள். முதன்முதலாக ஒருவர் என்னை ஒரு வேலைக்காரியாக, பிழைவிட்ட வேலைக்காரியாக, நினைத்து ஏசினார். அன்றிரவு அரிக்கேன் லாம்பையும் ஏற்றி வைத்துக்கொண்டு அடிமட்டமும் பிளேட்டும் பிடித்து 62 மூடிகளைக் கையால் வெட்டினோம். விடிய ஐந்தரை பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். 300 பெட்டிக்கும் காசைத் தந்தார். அடுத்த வருடம் 450 கேட்டார்.

பெட்டி செய்யும் முறை

செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு எங்கள் அளவைத் தருகிறேன். இயந்திரம் இல்லாமலும் இதைச் செய்யலாம்.

சதுர மீற்றருக்கு 250 முதல் 300 கிராம் வரையான வெள்ளை மட்டை, A4 அளவு. ஒரு தாளில் ஒரு பெட்டியின் அடியும் மூடியும் எடுக்கலாம். அடிக்கு 14 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டுங்கள். நான்கு ஓரத்திலிருந்தும் 3 சென்ரிமீற்றர் உள்ளே கோடு இழுங்கள். நடுவில் 8 சென்ரிமீற்றர் சதுரம் வரும், அதுதான் பெட்டியின் அடித்தளம். மூடிக்கு 13.3 சென்ரிமீற்றர் சதுரம். ஓரத்திலிருந்து 2.5 சென்ரிமீற்றரில் கோடு. நடுவில் 8.3 வரும். அந்த 3 மில்லிமீற்றர்தான் நாங்கள் 62 பெட்டியைப் பழுதாக்கிப் படித்த பாடம். மிஞ்சும் 7 சென்ரிமீற்றர் அகலத் துண்டில் ஐந்து பெயர்ச்சீட்டு வெட்டலாம். எங்களிடம் குப்பைக்குப் போவது மிகக் கொஞ்சம்.

மடிப்புக் கோட்டை மை முடிந்த குமிழ்முனைப் பேனையால் இரும்பு அடிமட்டத்தை வைத்து அழுத்தி இழுக்கவேண்டும். அப்போது மடிப்பு வெடிக்காது. நான்கு மூலைச் சதுரங்களிலும் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, அந்தச் சதுரத்தை உள்பக்கமாக மடித்து ஒட்டவேண்டும். பசையைத் தண்ணீராகப் பூசவேண்டாம், மட்டை சுருங்கும். விரலால் மெல்லியதாகப் பூசித் துணிக் கவ்வியால் பத்து நிமிடம் கவ்விவிடுங்கள்.

மட்டைக்கும் துணிபோல இழைபோகும் திசை உண்டு. வாங்கும்போது தாளை நீளப்பாட்டிலும் அகலப்பாட்டிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலேசாக வளைகிறதோ அந்தப் போக்கில் மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும். வாழ்த்து அட்டைக்கு இது முக்கியம். A4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் கடையில் கிடைக்கும் சாதாரண உறைக்குப் பொருந்தும் அட்டை இரண்டு வரும்.

எங்கள் பக்கம் மழைக்காலமும் நத்தார் வேலையும் ஒன்றாக வருவது பெரிய தொல்லை. மட்டையைச் சீமெந்துத் தரையில் வைக்கவே கூடாது. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, வெட்டும்போது மட்டும் எடுங்கள். பலகாரம் வைக்கும் பெட்டிக்குள் பட்டர் பேப்பர் விரிக்கவேண்டும். அச்சு மை பலகாரத்தில் படக்கூடாது. பத்திரிகைக் கடதாசியை எக்காரணம் கொண்டும் உள்ளே போடவேண்டாம்.

இயந்திரம் வாங்குவது பற்றி ஒன்று சொல்லவேண்டும். கடன் எடுத்து வாங்காதீர்கள். அதிலும் வாராவாரம் கட்டும் நுண்கடன் எடுத்து வாங்கவே வேண்டாம். எங்கள் ஊர்களில் அந்தக் கடனால் வீட்டை விட்டு ஒளிந்து திரிந்த பெண்களை நீங்களும் அறிவீர்கள். பண்டிகை வருடத்தில் சில முறைதான் வரும், தவணை எல்லாக் கிழமையும் வரும். முதலில் ஐம்பது பெட்டியைக் கையால் செய்து விற்றுப் பாருங்கள். கூடுதலாகக் கேட்டு வந்தால், அச்சு ஒன்றைச் செய்வித்துக்கொண்டு நகரத்து அச்சகத்தில் கூலிக்கு வெட்டுவிக்கலாம். இயந்திரம் அதற்குப் பிறகு.

2022 பங்குனியில் நாடு முழுவதும் கடதாசி இல்லாமல் போனது நினைவிருக்கும். மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைக்கூடத் தள்ளிப்போட்டார்கள். அந்த மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சார இயந்திரம் துணியால் மூடிக் கிடந்தது. கைபிடி இயந்திரம் வேலை செய்தது. மட்டைக்குப் பதிலாகப் பழைய கலண்டர்களின் தடித்த தாளைப் பின்புறம் திருப்பி வெட்டினோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. என் அம்மா எனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குக் கொப்பி கட்டித் தந்தது கலண்டர் பின்பக்கத்தில்தான். அந்தச் சித்திரைக்கு 80 பெட்டி மட்டுமே செய்தோம். ஆனால் செய்தோம்.

அந்த வசனத்தை எடுத்தது

ஏச்சு வாங்கிய அடுத்த மாதம், 2017 தையில், ஆறு பேரும் இருந்து கதைத்தோம். அட்டையின் பின்பக்க வசனத்தை எடுத்துவிடவேண்டும் என்றேன் நான். நாங்கள் அப்போது அந்த நிறுவனத்தின் கீழ் இல்லை, ஆனால் அவர்கள் அச்சடித்துத் தந்த வசனத்தையே இன்னும் போட்டுக்கொண்டிருந்தோம். "பெட்டி நல்லதெண்டால் வாங்கட்டும், இல்லாட்டி விடட்டும்" என்றேன். நான்கு பேர் சரி என்றார்கள்.

மூத்த அக்கா மட்டும் வேண்டாம் என்றா. அவவின் மகன் 2009 வைகாசியில் காணாமல் போனவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவ எங்களோடு சண்டை பிடிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னா: "உங்களுக்கு அது வெக்கமாயிருக்கலாம். எனக்கு அப்பிடியில்லை. அந்த அட்டை கொழும்புக்குப் போகுது, வெளிநாட்டுக்கும் போகுது. ஆராவது ஒரு ஆள் வாசிச்சு, உவையளின்ர பிள்ளையள் எங்கை எண்டு கேக்க மாட்டினமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை. நான் அந்த வசனத்தை எங்களைப் பாவம் பார்க்கவைக்கும் ஒன்றாகக் கண்டேன். அவவுக்கு அது ஒரு கேள்வி. இரண்டும் ஒரே வசனத்துக்குள் இருந்தன.

ஐந்து பேர் எடுப்பது என்ற பக்கம் நின்றதால் எடுத்தோம். அக்கா ஒரு கிழமை வேலைக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்து தன் கதிரையில் இருந்து மூடி மடிக்கத் தொடங்கினா. நாங்களும் ஒன்றும் கதைக்கவில்லை.

ஐ.நா. சிறுவர் நிதியமான யுனிசெப்பின் வாழ்த்து அட்டைகளைப் பற்றிப் பிறகு அறிந்தேன். 1949 இல் வந்த அதன் முதலாவது அட்டைக்குப் படம் வரைந்தது செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஜிட்கா சம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் தன் ஊருக்குக் கிடைத்த உதவிக்கு நன்றி சொல்ல வரைந்தாள். கடதாசி கிடைக்காததால் கண்ணாடியில் வரைந்தாளாம். கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடும் படம். யுத்தத்தில் வாழ்ந்த பிள்ளை, ஆனால் படத்தில் யுத்தம் இல்லை. இதை மூத்த அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையின்ர பேர் எல்லாருக்கும் தெரியுதுதானே" என்றா. அதற்கும் எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது எங்கள் அட்டைகளின் பின்பக்கத்தில் "கையால் செய்தது, கிளிநொச்சி" என்று மட்டும் இருக்கிறது. அக்கா நத்தாருக்கு நத்தார் தன் காசில் ஒரு தாள் மட்டை வாங்கித் தனியாக ஒரு அட்டை செய்வா. பனைமரமும் குடிலும் உள்ள அதே அட்டை. உள்ளே என்ன எழுதுகிறா என்று நாங்கள் கேட்பதில்லை. அது விற்பனைக்கு வராது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 மாசியில் தொடங்கிய போராட்டத்துக்கும் அவ போவா. அந்த நாட்களில் அவவின் பங்கு மூடிகளை நாங்கள் மடித்து வைப்போம்.

எங்கள் குழுவில் மூடி பரிசோதிப்பவர் அக்காதான். ஒவ்வொரு மூடியையும் ஒருமுறை இறக்கி, ஒருமுறை தூக்கிப் பார்ப்பா. இறுக்கமென்றால் அந்தப் பக்கம், தளர்வென்றால் இந்தப் பக்கம். கடந்த நத்தாருக்கு யாழ்ப்பாணத்து அண்ணை 600 கேட்டார். கொண்டுபோய் இறக்கிய அன்று பின்னேரம் தொலைபேசி எடுத்தார். எனக்குப் பழைய பயம் வந்தது.

"தங்கச்சி, ரெண்டு பெட்டிக்குப் பட்டர் பேப்பர் இல்லை."

"அப்பிடியோ அண்ணை? அனுப்பி விடுறன்."

"சரி சரி. பொங்கலுக்கு ஒரு இருநூறு வேணும். முன்னுக்குப் பானை போட்டுத் தாங்கோ, போனமுறை மாதிரிச் சரிஞ்ச பானை வேண்டாம்."

பானையை நேராக்கும் வேலையை அன்றிரவே கணினியில் தொடங்கினோம்.